தெருவில் அணிந்த முகக்கவசத்தை அறைக்குள் ஏன் கழற்றினோம்?

தாழ்வாரம் (கேள்வி):

அன்பர்களுக்கு வணக்கம். கொரோனா காலத்தைப் பற்றிய பேச்சு பலருக்கும் அலுத்துப்போயிருக்கும் என்பதை அறிவேன். ஆயினும் அந்த நாள்களில் நானே நடந்துகொண்ட முறையில் ஒரு முரண் இருந்தது. அதற்கு இன்றுவரை எனக்கு விடை கிடைக்கவில்லை.

நாங்கள் 14 பேர் பணியாற்றிய அலுவலகம் அது. 2020ஆம் ஆண்டின் பிற்பகுதியில் பாதிப் பேர் நேரில் வரத் தொடங்கினோம். காலையில் வீட்டுக் கதவைத் தாண்டும்போதே முகக்கவசத்தை அணிந்துவிடுவேன். ஆள் நடமாட்டமே இல்லாத திறந்த சாலையில், காற்று வீசிக்கொண்டிருக்கும்போது, இருபது நிமிட நடை முழுவதும் அது மூக்கையும் வாயையும் மூடியே இருக்கும். அலுவலகத்தில் நாற்காலியில் அமர்ந்த சற்று நேரத்தில் அது மூக்கிலிருந்து இறங்கும்; யாராவது ஏதாவது கேட்டால் பதில் சொல்வதற்காகத் தாடைக்கு இறங்கும்; நண்பகலில் சன்னல்களைச் சாத்திய சிறிய அறையில் ஆறு பேர் ஒரே மேசையைச் சுற்றி அமரும்போது சட்டைப்பைக்குள் போய்விடும். உண்பதற்குப் பதினைந்து நிமிடம், அதன்பின் கதையும் சிரிப்புமாக முக்கால் மணி நேரம். பேச்சு முடிந்து திறந்த வெளிக்குப் போகும்போது மட்டும் மறக்காமல் மீண்டும் அணிந்துகொள்வோம்.

அந்த மேசையில் அமர்ந்த ஆறு பேரில் நால்வருக்கு ஒரே வாரத்தில் தொற்று உறுதியானது. நானும் அவர்களில் ஒருவன். அது மேசையில்தான் பரவியது என்று என்னால் நிறுவ முடியாது. ஆனால் அந்த வெறிச்சோடிய சாலையில் எனக்குத் தொற்றியிருக்கும் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

இதை அறியாமை என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. பேச்சின்போது வெளிப்படும் நுண்துளிகளைப் பற்றியும், அவற்றைவிடச் சிறியவையாய்க் காற்றோட்டமற்ற அறையில் நெடுநேரம் மிதக்கும் துகள்களைப் பற்றியும் அப்போதே படித்திருந்தேன். முகக்கவசத்தின்மீது வெறுப்பும் இல்லை. வரிசையில் அது இல்லாமல் எனக்குப் பின்னால் வந்து நின்றவர்மீது எரிச்சலடைந்தவன் நான். அறிவு இருந்தது, விருப்பம் இருந்தது, பொருளும் பையிலேயே இருந்தது. அப்படியிருந்தும் ஆபத்து குறைந்த இடத்தில் அணிந்து, மிகுந்த இடத்தில் கழற்றினோம். பேசும்போது கழற்றுவதென்றால் அதை எதற்காகத்தான் அணிந்திருந்தோம்? இதைப் பற்றிச் சிந்தித்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாவேன்.


வெண்கொக்கு:

நீங்கள் முரண் என்று சொல்வது, முகக்கவசத்தை ஒரு வடிகட்டியாகப் பார்க்கும்போதுதான் முரணாகத் தெரிகிறது. அதை ஓர் உடையாகப் பார்த்தால் உங்கள் நடத்தை முற்றிலும் ஒழுங்கானது. வெளியே கிளம்பும்போது அணிவதும், நமக்கு உரியவர்களிடையே வந்தபின் தளர்த்துவதும், மீண்டும் புறப்படும்போது சரிசெய்துகொள்வதும் வெளியுடைக்கு நாம் கடைப்பிடிக்கும் முறையே. பிறர் பார்வைக்காக அணிவதைப் பிறர் பார்வை விலகியதும் களைகிறோம். 2020இல் பலருடைய முகத்திலும் அந்தத் துணி வடிகட்டியாகச் சேர்வதற்கு முன்பே உடையாகச் சேர்ந்துவிட்டது என்பது என் எண்ணம்.

சட்டமும் இதற்குத் துணை செய்தது. அபராதமும் அறிவிப்புப் பலகையும் பொது இடத்துக்குத்தான் இருந்தன. சாப்பாட்டு மேசைக்கு அவை வரவில்லை. விதி எட்டாத இடத்தில் கிருமியும் எட்டாது என்று யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை, ஆனால் உடம்பு அப்படித்தான் நடந்துகொண்டது.

இதைவிட ஆழமான காரணம் ஒன்று உண்டு. நோய் என்பது அயலாரிடமிருந்து வருவது என்னும் எண்ணம் நம்மிடம் வேரூன்றியிருக்கிறது. வரிசையில் பின்னால் நிற்கும் முகம் தெரியாதவரின் மூச்சு நமக்கு அச்சம் தருகிறது. பத்தாண்டுகளாக உடன் உண்பவரின் மூச்சு அச்சம் தருவதில்லை. நம்பிக்கை என்பது ஒருவருடைய நேர்மையை அளப்பதற்கான கோல். நாம் அதைக் கொண்டு அவருடைய நுரையீரலையும் அளந்துவிட்டோம். அறிகுறி தோன்றுவதற்கு ஓரிரு நாள் முன்பே ஒருவர் பிறருக்குத் தொற்றைத் தந்துவிடக்கூடிய நோய் இது. ‘எனக்கு ஏதாவது இருந்தால் நானே சொல்லிவிடுவேனே’ என்று உங்கள் நண்பர் நினைத்திருப்பார். உண்மையாகவே சொல்லியும் இருப்பார். தமக்கே தெரியாததை அவர் எப்படிச் சொல்ல முடியும்?

மேசையில் என்ன நடந்திருக்கும் என்பதையும் ஊகிக்கிறேன். ஆறு பேரில் இரண்டு மூன்று பேருக்காவது உள்ளூரத் தயக்கம் இருந்திருக்கும். ஆனால் நண்பர்களுக்கு நடுவில் ஒருவர் மட்டும் முகத்தை மூடினால் அது ‘உங்களை ஐயுறுகிறேன்’ என்று சொல்வதற்கு ஒப்பாகிவிடும். ஆகவே ஒவ்வொருவரும் மற்றவர்களைப் பார்த்தார்கள்; மற்றவர்கள் இயல்பாக இருப்பதாக எண்ணித் தங்கள் தயக்கத்தை மறைத்தார்கள்; அந்த மறைப்பே அடுத்தவருக்கு இயல்பாகத் தெரிந்தது. ஒருவரும் விரும்பாத ஒன்றை எல்லோரும் சேர்ந்து செய்து முடிப்பது இப்படித்தான். அந்த மேசையில் இருந்த எவரையாவது இப்போது கேட்டுப் பாருங்கள், அன்று அவருக்கும் உறுத்தியதா என்று.


பழையஏடு:

மேலே சொல்லப்பட்டது சரியே. இது புதிதும் அன்று. 1918ஆம் ஆண்டின் இன்ஃபுளுவன்சா பெருந்தொற்றின்போது சான் பிரான்சிஸ்கோ நகரம் அக்டோபர் மாதத்தில் முகக்கவசக் கட்டாயத்தைக் கொண்டுவந்தது. மெல்லிய வலைத்துணியை மடித்துக் கட்டிக்கொள்வதே அன்றைய முகக்கவசம். மீறியவர்களுக்கு அபராதமும் சிறையும் இருந்தன. அதே ஆண்டு நவம்பரில் ஒரு குத்துச்சண்டைப் போட்டியில் எடுக்கப்பட்ட ஒளிப்படத்தில், நகரத்தின் மேயர் ஜேம்ஸ் ரால்ஃபும், அந்தக் கட்டாயத்தை முன்னின்று நடத்திய சுகாதார அதிகாரி வில்லியம் ஹாஸ்லரும் கூட்டத்துக்கு நடுவில் முகக்கவசம் இல்லாமல் இருந்தது வெளிப்பட்டது. இருவரும் அபராதம் கட்டினார்கள். விதியை எழுதியவர்களுக்கு அறிவு போதவில்லை என்று யாராவது சொல்வார்களா? கேளிக்கைக்கும் நட்புக்கும் உரிய இடத்துக்கு வந்ததும் அவர்களுடைய கையும் உங்கள் கையைப் போலவே பட்டையை அவிழ்த்திருக்கிறது.

பின்னர் கட்டாயம் நீக்கப்பட்டு, நோய் மீண்டும் தலைதூக்கியதால் 1919 சனவரியில் திரும்பக் கொண்டுவரப்பட்டபோது, அதை எதிர்ப்பதற்கென்றே ‘முகக்கவச எதிர்ப்புச் சங்கம்’ ஒன்று தோன்றியது. எதிர்ப்பு முதல் அலையில் அவ்வளவாக இல்லை; முடிந்துவிட்டது என்று மக்கள் நம்பிய பிறகு மீண்டும் அணியச் சொன்னபோதுதான் மூண்டது. ஒருமுறை கழற்றியவரை மீண்டும் அணியவைப்பது, புதிதாக அணியவைப்பதைக் காட்டிலும் கடினம் என்பதை 2021இலும் கண்டோம்.

அதற்கும் முந்தைய செய்தி ஒன்று. 1910ஆம் ஆண்டின் இறுதியில் சீனாவின் வடகிழக்கிலுள்ள மஞ்சூரியாவில் நுரையீரல் பிளேக் பரவியது. பினாங்கில் பிறந்து கேம்பிரிட்ஜில் மருத்துவம் பயின்ற வூ லியென்-தே அங்கு அனுப்பப்பட்டார். நோய் எலியிலிருந்தும் தெள்ளுப்பூச்சியிலிருந்தும் வருகிறது என்று பிறர் கருதிய நேரத்தில், இது மூச்சின் வழியே மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவுகிறது என்று அவர் கூறி, பஞ்சும் வலைத்துணியும் சேர்த்துத் தைத்த முகக்கவசத்தை மருத்துவர்களும் ஊழியர்களும் அணிய வேண்டும் என்றார். வயதிலும் அனுபவத்திலும் மூத்தவரான பிரெஞ்சு மருத்துவர் ஜெரால்ட் மெஸ்னி அதை ஏற்கவில்லை. முகத்தை மூடாமலேயே நோயாளிகளைப் பார்த்தார். 1911 சனவரியில், சில நாள்களுக்குள், அதே நோயால் அவர் இறந்தார். அதன்பின் அங்கிருந்தவர்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. முகக்கவசத்தை அணிவதும் அணியாததும் அன்றே மதிப்பையும் தன்மானத்தையும் ஒட்டிய செயலாக இருந்திருக்கிறது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.


சல்லடை:

எல்லோரும் முகக்கவசம் பயன் தருகிறது என்பதை முடிந்த முடிபாக வைத்துக்கொண்டு, மக்கள் ஏன் சரியாக அணியவில்லை என்று மட்டும் பேசுகிறீர்கள். மக்கள் தயங்கியதற்கு நியாயமே இல்லையா?

2020 பிப்ரவரி 29 அன்று அமெரிக்காவின் தலைமை மருத்துவ அதிகாரி, முகக்கவசங்களை வாங்குவதை நிறுத்துங்கள், பொதுமக்களுக்கு அவற்றால் பயனில்லை, மருத்துவப் பணியாளர்களுக்குக் கிடைக்காமல் போய்விடும் என்று ட்விட்டரில் எழுதினார். எனக்குப் பயன்படாத பொருள் மருத்துவருக்கு மட்டும் எப்படி இன்றியமையாதது ஆகும் என்று பள்ளிப்பிள்ளையும் கேட்டிருக்கும். ஏப்ரல் 3 அன்று அதே நாட்டின் நோய்க்கட்டுப்பாட்டு மையம் துணியாலாவது மூடிக்கொள்ளுங்கள் என்றது. உலக சுகாதார நிறுவனம் சூன் 5 அன்றுதான் பொதுமக்களுக்குத் துணி முகக்கவசத்தைப் பரிந்துரைத்தது. நான்கு மாதங்களில் மூன்று திசை காட்டினால் நடப்பவன் நின்றுவிடத்தான் செய்வான்.

ஆய்வுகளுக்கு வருகிறேன். டென்மார்க்கில் 2020 ஏப்ரல், மே மாதங்களில் ஏறத்தாழ 6,000 பேரைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி ஒரு சோதனை நடத்தினார்கள். முகக்கவசம் அணியச் சொல்லப்பட்டவர்களில் 1.8 விழுக்காட்டினருக்கும், சொல்லப்படாதவர்களில் 2.1 விழுக்காட்டினருக்கும் தொற்று ஏற்பட்டது. புள்ளியியல் நோக்கில் இது வேறுபாடே இல்லை. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் நூலகம் 2023இன் தொடக்கத்தில் வெளியிட்ட தொகுப்பாய்வும் சமூக அளவில் பெரிய வேறுபாடு தென்படவில்லை என்றே முடித்தது. நான் அன்று விதியை மதித்து அணிந்தவன்தான். ஆனால் அணியாதவரைக் குற்றவாளியாக்கும் உரிமை நமக்கு இருந்ததா என்பதில் இன்னும் ஐயம் உண்டு.


கண்காணிப்பாளர்:

சல்லடை அவர்களின் எண்கள் சரியானவை. அவற்றிலிருந்து அவர் எடுக்கும் முடிவில்தான் நான் வேறுபடுகிறேன். அந்த வேறுபாடு கேள்வி கேட்டவரின் சிக்கலோடு நேரடியாகத் தொடர்புடையது என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன். பொதுச் சுகாதாரக் களப்பணியில் சில ஆண்டுகள் இருந்தவன் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி இல்லை.

டென்மார்க் சோதனையில் ‘முகக்கவசப் பிரிவு’ என்பது முகக்கவசம் அணிந்தவர்களின் பிரிவு அன்று. அணியுங்கள் என்று சொல்லப்பட்டவர்களின் பிரிவு. அவர்களிலும் 46 விழுக்காட்டினர்தாம் சொன்னபடி முழுமையாக அணிந்ததாகத் தெரிவித்தனர். அதுவும் அவர்களே சொன்ன கணக்கு. அவர்களைச் சுற்றியிருந்த நாட்டில் அப்போது கிட்டத்தட்ட யாருமே அணிந்திருக்கவில்லை. ஆகவே அணிபவரிடமிருந்து பிறருக்குப் பரவுவதை அது எவ்வளவு தடுக்கிறது என்பதை அந்தச் சோதனையால் அளக்கவே முடியாது. காக்ரேன் தொகுப்பாய்வைப் பொறுத்தவரை, ‘முகக்கவசம் வேலை செய்யாது என்று நிறுவப்பட்டுவிட்டது’ எனப் பலர் பரப்பியதால், அந்நூலகத்தின் தலைமை ஆசிரியர் கார்லா சோரெஸ்-வைசர் 2023 மார்ச்சில் அது தவறான பொருள்கோடல் என்று அறிக்கை விட வேண்டியதாயிற்று. முகக்கவசம் அணியுமாறு ஊக்குவிக்கும் முயற்சிகள் பரவலைக் குறைக்கின்றனவா என்பதே அங்கு ஆராயப்பட்டது, அதற்கும் உறுதியான விடை கிடைக்கவில்லை என்பதே அவருடைய விளக்கம்.

நன்கு பொருந்திய என்95 வகைக் கவசம் 0.3 மைக்ரான் அளவுள்ள துகள்களில் 95 விழுக்காட்டையாவது தடுக்க வேண்டும் என்பது தரவிதி. அது ஆய்வகத்தில் அளக்கக்கூடிய, பொருளின் பண்பு. ‘முகக்கவசம் அணியுங்கள் என்று ஊருக்குச் சொன்னால் என்ன நடக்கும்’ என்பது மனிதர்களின் பண்பு. முதலாவது 95 ஆக இருந்து, இரண்டாவதில் மதிய உணவு மேசை ஒன்று குறுக்கிட்டால், கைக்கு வரும் பயன் மிகச் சிறியதாகிவிடும். சல்லடை காட்டிய சிறிய வேறுபாட்டுக்குள் தாழ்வாரம் அமர்ந்த மேசை இருக்கிறது என்று சொன்னால் இருவரும் ஒப்புக்கொள்வீர்கள் என்று நம்புகிறேன்.

நடத்தையை மாற்ற முடியுமா என்பதற்கு வங்கதேசத்தில் 2020 நவம்பர் முதல் 2021 ஏப்ரல் வரை 600 ஊர்களில் நடந்த சோதனையே நாம் பார்க்க வேண்டியது. யேல், ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உள்ளூர் அமைப்புகளோடு சேர்ந்து நடத்தியது அது. மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட பெரியவர்கள் அதில் அடங்கினர். வீட்டுக்கு வீடு இலவசமாகக் கொடுத்தார்கள், விளக்கினார்கள், மதிப்புக்குரியவர்களை முதலில் அணியவைத்தார்கள், சந்தையிலும் தொழுகையிடத்திலும் நின்று அணியாதவர்களிடம் பணிவாக நினைவூட்டினார்கள். நேரில் பார்த்துக் கணக்கிட்டபோது, சரியாக அணிந்தவர்கள் மற்ற ஊர்களில் 13 விழுக்காடாக இருக்க, இந்த ஊர்களில் 42 விழுக்காடாக உயர்ந்திருந்தார்கள். அறிகுறியோடு கூடி, இரத்தப் பரிசோதனையிலும் உறுதியான தொற்று ஏறத்தாழ 9 விழுக்காடு குறைந்தது. அறுவை சிகிச்சை முகக்கவசம் கொடுத்த ஊர்களில் அறுபது வயதைக் கடந்தவர்களிடம் 35 விழுக்காடு குறைந்தது. இத்தனைக்கும் பாதிக்கு மேற்பட்டோர் அப்போதும் அணியவில்லை.

எனக்கு இதைவிடச் சுவையாகத் தோன்றியது, அங்கு கூடுதலாகப் பலன் தராதவை எவை என்பதுதான். குறுஞ்செய்தி அனுப்பிப் பார்த்தார்கள். வீட்டு வாசலில் அறிவிப்பு ஒட்டவைத்தார்கள். வாய்மொழி உறுதி பெற்றார்கள். ஊருக்குப் பணம் தருவதாகச் சொன்னார்கள். இவை எதுவும் மேலும் உயர்த்தவில்லை. அறிவிப்புப் பலகை சொல்வதை மனிதர் கேட்பதில்லை; எதிரில் நிற்பவர் புன்னகையோடு ‘போட்டுக்கொள்ளுங்கள்’ என்று சொன்னால் கேட்கிறார்கள். முகக்கவசம் இருக்கிறதே என்ற துணிச்சலில் மக்கள் நெருங்கி நிற்பார்கள் என்ற அச்சமும் அங்கு மெய்ப்படவில்லை; அணிந்த ஊர்களில் இடைவெளியும் சற்றுக் கூடியிருந்தது.

களப்பணியில் கற்ற ஒரு பாடத்தையும் சேர்க்கிறேன். ‘அணிகிறீர்களா’ என்று கேட்டு எழுதும் கணக்கை நான் நம்புவதில்லை. மேற்குக் கென்யாவில் கேட்டபோது பெரும்பாலோர் அணிவதாகச் சொன்னார்கள். ஆய்வாளர்கள் ஓரமாக நின்று பார்த்தபோது ஏறத்தாழ பத்தில் ஒருவர்தான் அணிந்திருந்தார். மற்றவர்கள் பொய் சொன்னார்கள் என்று நான் கருதவில்லை. தாழ்வாரத்தையே அன்று கேட்டிருந்தால், ‘வீட்டை விட்டுக் கிளம்பினால் எப்போதும் அணிவேன்’ என்றுதான் மனமறிய எழுதியிருப்பார்.

வழக்கம் வேரூன்றிவிட்டால் விதி தேவையில்லை என்பதற்கு மறுபக்கச் சான்று சப்பான். அங்கு அரசு 2023 மார்ச் 13 அன்று அவரவர் விருப்பம் என்று அறிவித்த பிறகும், பல வாரங்களுக்குப் பெரும்பாலோர் முகத்தை மூடியே நடமாடினார்கள். அங்கே கழற்றுவதற்கு முதலில் ஓர் ஆள் தேவைப்பட்டார்.


மௌனமொழி:

செவித்திறன் குறைந்தவன் என்ற முறையில் சிறிது குறுக்கிடுகிறேன். பேசும்போது கழற்றுவதெல்லாம் மடமை என்று எழுதுகிறீர்கள். எனக்காகக் கழற்றியவர்கள் பலர் உண்டு. அவர்களுடைய உதட்டைப் பார்க்காவிட்டால் எனக்குப் பேச்சு பாதிதான் விளங்கும். செவித்திறன் உடையவர்களும் தாங்கள் அறியாமலேயே உதட்டைப் படிக்கிறார்கள் என்பதை அந்த ஆண்டுகளில்தான் அவர்களே உணர்ந்தார்கள். யாரோ ஒருவர் ‘என்ன?’ என்று இரண்டாம் முறை கேட்டதும் கை தானாகப் பட்டையை இழுப்பதற்கு அதுவே காரணம். வாய்ப்பகுதியில் ஒளி ஊடுருவும் தாள் வைத்த முகக்கவசங்கள் வந்தன. இரண்டு நிமிடத்தில் ஆவி படிந்து மங்கிவிடும். எனக்கு உண்மையாக உதவியவர்கள், இரண்டடி பின்வாங்கி நின்று கழற்றியவர்களும், கைப்பேசியில் தட்டச்சு செய்து காட்டியவர்களுமே. ஒரு பேராசிரியர் துண்டுச் சீட்டுகளோடு திரிந்தார். அவருடைய கையெழுத்து முகக்கவசத்தைவிடப் புரியாதது என்பது வேறு.


சல்லடை:

கண்காணிப்பாளருக்கு நன்றி. ‘அணிந்தவர்’, ‘அணியச் சொல்லப்பட்டவர்’ என்னும் வேறுபாட்டை நான் கவனிக்கத் தவறிவிட்டேன், ஏற்கிறேன். செய்தி மாறி மாறி வந்ததால் நம்பிக்கை குலைந்தது என்ற என் பேச்சை மட்டும் திரும்பப் பெறமாட்டேன்.


தாழ்வாரம்:

அனைவருக்கும் நன்றி. வெண்கொக்கு சொன்னபடி, அந்த மேசையில் இருந்த இருவரிடம் நேற்றுப் பேசினேன். ஒருவர், தமக்கு அன்று எந்த உறுத்தலும் இல்லை என்றார். மற்றவர் சற்று நேரம் பேசாமலிருந்துவிட்டு, தம் தாயார் அப்போது புற்றுநோய் சிகிச்சையில் இருந்ததாகவும், நாள்தோறும் தனியே உண்ண வேண்டும் என்று எண்ணியதாகவும், நாங்கள் தவறாக நினைப்போமோ என்று அஞ்சி எங்களோடு வந்து அமர்ந்ததாகவும் சொன்னார். இதை இத்தனை ஆண்டுகளாக நான் அறியவில்லை. இனி ஒரு தொற்று வந்தால் 14 பேர் உள்ள இடத்தில் எதிலிருந்து தொடங்குவது என்று கண்காணிப்பாளர் சொன்னால் உதவியாக இருக்கும்.


கண்காணிப்பாளர்:

உங்கள் நண்பருக்கு அன்று தேவைப்பட்டது, தனியே உண்பதற்கு யாரிடமும் காரணம் சொல்ல வேண்டாத ஓர் ஏற்பாடு. ஆகவே சாப்பாட்டிலிருந்தே தொடங்குங்கள். முகம் திறந்தே ஆக வேண்டிய ஒரே நேரம் அதுதான். அதை இருவர் இருவராகப் பிரித்து, சன்னலைத் திறந்துவைத்து, உண்டு முடித்ததும் கதையை வெளியே வராந்தாவுக்கு மாற்றிவிடுங்கள். நோய் வந்த பிறகு இதைப் பேசினால் ஒவ்வொரு சொல்லும் யாரையோ குறிப்பதாகப்படும். யாருக்கும் ஒன்றும் இல்லாத நாளில் பேசி முடிவு செய்தால் அது வெறும் அலுவலக ஏற்பாடாகவே இருக்கும். முதலில் அணிபவர் பதவியில் மூத்தவராக இருக்கட்டும். இளையவர் அணிந்தால் அச்சம் என்பார்கள், மூத்தவர் அணிந்தால் முறை என்பார்கள்.

கவசங்களைப் பெட்டியோடு எல்லோர் கையும் எட்டும் மேசையில் வையுங்கள். மூக்குக்கண்ணாடியில் ஆவி படிந்தால் மேல்விளிம்பில் காற்று கசிகிறது என்று பொருள். மூக்கின்மேல் உள்ள கம்பியை அழுத்திவிட்டால் பெரும்பாலும் சரியாகும். மூச்சு வெளியேறும் வால்வு உள்ளவற்றை வாங்க வேண்டாம், அவை அணிந்தவரின் மூச்சை வடிகட்டாமல் வெளியே விடும். என்95 வகையைத் துவைக்கவே கூடாது. அதன் இழைகளில் ஏற்றப்பட்ட நிலைமின்னூட்டமே துகள்களைப் பிடிக்கிறது, சோப்பு நீரில் அது போய்விடும். திறந்த சாலையில் தனியே நடக்கும் அந்த இருபது நிமிடம் கழற்றியே வாருங்கள், முகத்துக்கும் சற்று ஓய்வு கிடைக்கும்.